கையெழுத்து வாங்காத புரோகிராம்

மழையில் ஓடிவந்து மோதியது பாஞ்சாலைதான். திட்டியது அவன்!

"பாத்து வரக்கூடாதா? உங்க கையில இருக்கிற கம்ப்யூட்டர் டேப்பு நனைஞ்சா இன்னா ஆவறது?"

"நானுந்தாங்க நனைஞ்சிருக்கேன்... அது கண்ணுக்குத் தெரியலியா?"

அவன் நிமிர்ந்தான். பெரிய, கரிய கண்கள்... இமை நுனியில் ஒரு மழைத்துளி. பாஞ்சாலை அந்தத் துளி விழுமா என்று பார்த்துக்கொண்டே நின்றாள்.

எண்பத்தாறாம் வருஷத்து ஐப்பசி. ஜவ்வாது மலைமேல் இருந்த வானாய்வுக் கூடத்துக்கு நட்சத்திரக் கணக்குப் போட ஒடுகத்தூரிலிருந்து வந்த ஆராய்ச்சி மாணவி அவள். அவன் துரைக்கண்ணு. அங்கே எல்லாருக்கும் பொதுவாக இருந்த ஒரே கம்ப்யூட்டருக்குப் பொறுப்பாளன்.

"இந்த டேப்புல கணக்கப் படமா வரையற புரோகிராம் இருக்கு. ஏத்திக் குடுங்களேன்..."

"டைரக்டர் கையெழுத்து வேணுங்க. அது இல்லாம, எல்லாரும் எடுக்கிற பொது இடத்துல எதையும் ஏத்த முடியாது."

குரல்தான் கறார். பார்வை அப்படியில்லை... சரி, காத்திருக்கலாம் என்று நினைத்தாள்.

அன்று மாலையே பார்த்தாள். பெங்களூரிலிருந்து வந்திருந்த ஒருத்தி அவன் பக்கத்து நாற்காலியில்! அவளுடைய புரோகிராம் மடமடவென்று ஏறிக்கொண்டிருந்தது. அவள் ஏதோ சொல்ல, இவன் சிரிக்க... பாஞ்சாலைக்கு வயிறு எரிந்தது. அவளுக்கு மட்டும் சட்டம் கிடையாதோ? ஒடுகத்தூர்க்காரி என்றால் இளப்பமோ? சீ, இவன் யார் எனக்கு!

யாராயிருந்தாலும் இனி அவனிடம் போய் நிற்கப் போவதில்லை. கம்ப்யூட்டரில் அவள் பெயருக்கென்று கொஞ்சம் இடம் ஒதுக்கியிருந்தார்கள். பழைய கணக்குகளை அழித்து அதைக் காலி பண்ணினாள். டேப்பைத் தானே மாட்டினாள். புரோகிராமில் பொதுவிடத்தைத் தேடிப்போகிற வரிகளையெல்லாம் தன் இடத்துக்குத் திருப்பி எழுதினாள். கண் வலித்தது, வீம்பு விடவில்லை. கடைசியில் திரையில் நட்சத்திரத்தின் ஒளி ஏறி இறங்கும் வளைகோடு எழும்பியது!

மறுநாள் தங்கள் கணக்கையும் படமாகப் பார்க்கக் கூடத்திலிருந்த அத்தனை பேரும் அவள் மேசையைச் சுற்றித்தான். தொலைநோக்கியை இயக்கும் சிங்காரம் உட்பட. கூட்டம் கலைந்ததும் துரைக்கண்ணு வந்தான், முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு. அழித்துவிடுவானோ...

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாமயே போட்டுட்டீங்க."

"என் இடத்துல போட யார் கையெழுத்தும் வேணாங்க. அந்தப் பெங்களூர்க்காரிக்கு மட்டும் ஒடனே ஏத்துனீங்களே!"

"அவங்களுக்குப் போன மாசமே கையெழுத்து ஆயிடுச்சுங்க."

"சிரிப்புக்குமா?"

துரைக்கண்ணு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"அப்போ... உங்களுக்கும் எரிஞ்சிதா?"

"உங்களுக்கும்னா?"

"அந்த சிங்காரம் காலைலருந்து எத்தினி வாட்டி இங்க வந்தான்! அவனுக்கு வரையறதுக்குப் படமே கெடையாதுங்க... அழிச்சிடலாமான்னு கூடத் தோணிச்சு. என்னால முடியும். அழிச்சா நீங்க மலைய வுட்டே எறங்கிடுவீங்களேன்னு பயந்துட்டேன். எனக்கு... உங்களப் புடிச்சிருக்குங்க."

பாஞ்சாலைக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. ஆனாலும் ஒன்றைக் கேட்டே ஆகவேண்டும்.

"அவங்க எப்போ ஊருக்குப் போறாங்க?"

"பெங்களூர்க்காரங்களா? நாளைக்குக் காலைல பஸ்ஸுக்கு."

"அவங்க போனப்புறம் சொல்லியிருந்தா, அவங்க இல்லாததாலதான் எங்கிட்ட வந்தீங்கன்னு நெனச்சிருப்பேன்..." தலையைக் குனிந்துகொண்டாள். "அவங்க இங்க இருக்கும்போதே எங்கிட்ட சொன்னீங்க பாருங்க... எனக்கும் உங்களப் புடிச்சிருக்கு."