அத்தை கேட்ட விசேஷம்

நிலவு நகரில் குறிப்பறிவானுக்கு ரத்தமும் வேண்டாம், சோதனையும் வேண்டாம். பேச்சு போதும். வேலைக்கு வந்த பெண்கள் பூமியிலுள்ள தங்கள் ஊரோடு பேசுவதை ஒட்டுக்கேட்டு, யார் பிள்ளை பெறப்போகிறாள் என்று அந்த இயந்திரம் முன்கூட்டியே சொல்லிவிடும். அப்படிப்பட்டவளுக்குச் செவ்வாய்க் கிரகத்தில் பதவி கிடையாது. அங்கே பிரசவம் பார்க்க வசதியில்லையாம்! ஆண்கள் பேச்சை அது கேட்பதே இல்லை. அவர்கள் என்ன, பிள்ளையா பெறப்போகிறார்கள்?

ஆவுடை திரையைத் திரும்பத் திரும்பப் படித்தாள். செவ்வாய் மொழிக்கூடத்துக்குத் தலைவி என்று நேற்றுதான் உத்தரவு வந்தது. வந்த நாள் முதலான கனவு. இன்று, ‘மகப்பேற்றுத் திட்டம் உறுதி. நியமனம் ரத்து.’

வாயை அளந்து பேசுகிறவள் அவள். அப்படியானால் யார் போட்டுக்கொடுத்தது? அடுத்த அறை பிலோமினாவா? அந்தப் பதவிக்கு அவளும் கேட்டிருந்தாள். காலையில் முகம் கொடுக்காமல் வேறு போனாள். இல்லை, புருஷனேதானா? போன மாதம் ஒரு குழந்தையின் படத்தைக் காட்டிப் பிள்ளைப் பேச்சை இழுத்த மனுஷன்தானே!

“ஏங்க, யார்கிட்டயாவது பிள்ளைப் பேச்சு பேசினீங்களா?”

“நான் ஏன் பேசுதேன்? இப்ப வேண்டாம்னுதான் முடிவு பண்ணியாச்சுல்லா,” என்றான் தளவாய். அவன் முகத்தையே உற்றுப் பார்த்தாள். நம்பவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை.

மேலாளர் மார்த்தாவிடம் போய்ச் சண்டை பிடித்தாள். “நான் கர்ப்பமில்லை. சோதித்துப் பாருங்கள்!”

“இன்று இல்லை. நாளை? நீங்களே சொன்னதுதான், கேளுங்கள்.” மார்த்தா நேற்றைய பேச்சின் பதிவை ஓடவிட்டாள்.

தென்காசியிலிருந்து மாமியார், வாராவாரம் கேட்கும் அதே கேள்வி: “என்ன தாயீ, ஏதும் விசேஷம் உண்டா?”

பதவி கிடைத்த பூரிப்பில் ஆவுடை சிரிக்கிறாள்: “இந்தத் தடவை விசேஷந்தான் அத்தை! நாளைக்குச் சொல்லுதேன்.”

ஐயோ! அந்தச் சொல்லை இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான். கல்யாணமான பெண்ணிடம் விசேஷம் என்றால் வயிற்றில் பிள்ளை, வேறு அர்த்தமே கிடையாது என்று அடித்துச் சொன்னாள். தமிழில் பிசகாத இயந்திரம் செய்ததற்குத்தான் பதவியே.

“இயந்திரம் தவறு என்கிறீர்களா?” என்றாள் மார்த்தா. “தவறான இயந்திரம் செய்தவருக்குப் பதவி எதற்கு என்பார்கள். பரவாயில்லையா?”

ஆவுடைக்கு அழுகையும் ஆத்திரமும் முட்டிக்கொண்டு வந்தன. அதற்குள் கைப்பேசி அடித்தது. அத்தைதான்.

“தெரு முழுக்கச் சொல்லியாச்சு தாயீ! எத்தன மாசம்?”

குறிப்பறிவான் கேட்டுக்கொண்டிருந்தது.