பினாங்குக் கப்பலில் நல்ல இடம்

கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. காற்றடிக்கிறது, துண்டைப் போர்த்திக்கொள்ளுங்கள். கப்பல் ஏறக் கிளம்பிய ஒரு பெண்ணின் கதை சொல்கிறேன். கதையில் ஒரு பொய்க்காரன் வருவான். அவன் மாட்டிக்கொண்ட இடத்தை நான் சொல்லுமுன் நீங்களே பிடித்துவிட்டால் எனக்குத்தான் சந்தோஷம்.

வெள்ளைக்காரன் போய் ஏழெட்டு வருஷம் ஆகியிருந்த சமயம். போடிநாயக்கனூரில் சாரல் பிடித்திருந்த ஓர் ஆடிக் காலையில், ஏலக்காய்க் கடை ஜெயபாக்கியம் குடையை மடக்கக்கூட மறந்து கண்ணுச்சாமி வீட்டுக்குள் நுழைந்தாள். கண்ணுச்சாமி போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். இளவயதில் ரங்கூனுக்குக் கப்பலில் போய் வந்தவர். அதிர்ந்து பேசமாட்டார். அவரோடு காப்பி குடித்துக்கொண்டிருந்த வீரணன் போடிமெட்டுக்கு ஜீப்பு ஓட்டுகிறவன். வளைவுகளில் வயிறு புரட்டுகிறவர்களை முன்சீட்டில் தன் பக்கத்தில் உட்காரவைத்துப் பேச்சுக் கொடுத்தே மலையேற்றிவிடுவான். ஏட்டய்யாவிடம் எந்த விவகாரம் வந்தாலும் முதலில் துள்ளுகிறவனும் அவன்தான்.

"ஏட்டண்ணே, எம்மக லில்லிய இன்னைக்குச் சாயங்கால ரயில்ல அனுப்பட்டுமா, வேண்டாமா? அத மட்டும் சொல்லுங்க."

"பிள்ளை எங்க போகுது?"

"பினாங்குக்கு. மருமகன் சத்தியநேசன் அங்கதான வேலை பார்க்காரு. கூட்டிவர ஆள் அனுப்புறேன்னு சொல்லியிருந்தாரு. முந்தாநாள் காசிராஜன்னு ஒருத்தர் வந்தாரு. மருமகன் குடியிருக்கிற வீடு, கைத் தழும்பு, குழம்புல புளி கூடினா முகஞ்சுளிக்கிறது, அத்தனையும் சரியாச் சொல்றாரு. நாகப்பட்டினத்துல கப்பல விட்டு இறங்கி நேரா இங்கதான் வந்தாராம்."

"பெறகென்ன?"

"நகைப்பெட்டி தன் கையில இருக்கட்டும்கிறாரு. அதுவும் நியாயமாத்தான் படுது. ஆனா மனசு ஒப்பல. அனுப்பாம விட்டா, காத்திருக்கிற மனுசன் மனசு முறிஞ்சுபோகும். அனுப்பி ஏதாச்சும் ஆயிட்டா..."

வீரணன் எழுந்துவிட்டான். "திருட்டுப் பயதான் அண்ணே. நாலு போட்டாத் தன்னால கக்கிருவான்."

"நல்லவனா இருந்தா அந்த நாலையும் நீ திருப்பி வாங்கிக்குவியா மாப்ளே? காப்பியக் குடி, போய்ப் பார்ப்போம்."

கடைக்குப் பின்னால்தான் வீடு. கூடத்தில் லில்லியின் டிரங்குப் பெட்டியும் படுக்கையும் கட்டித் தயாராக இருந்தன. காசிராஜன் கஞ்சி போட்ட சட்டையோடு நாற்காலியில் உட்கார்ந்து, சுண்ணாம்பு தடவிய கணுக்காலைச் சொறிந்துகொண்டிருந்தான்.

"பிள்ளை மொதத்தடவ கப்பல் ஏறுது தம்பி. கப்பல்ல எப்பிடி எப்பிடி இருக்கும்னு சொன்னாத் தைரியமா இருக்கும்" என்றார் கண்ணுச்சாமி.

"ரொம்பப் பெரிசுமில்ல, சின்னதுமில்ல. பழைய கப்பல், ஆனா உறுதி. மேல துரைமாருக்குக் கட்டில் போட்ட அறை. நமக்குக் கீழ்த்தட்டு, பாய விரிச்சு இடம் பிடிக்கணும். ஏறுமுன்ன டாக்டர் கண்ணையும் நாக்கையும் பார்ப்பாரு. மணியடிச்சாச் சாப்பாடு. ஆபத்துன்னா மிதக்குற சட்டைய எப்பிடிக் கட்டுறதுன்னு எல்லாரையும் நிக்கவச்சுச் சொல்லித் தருவாக. குளிக்கக் கடத்தண்ணி, சோப்பு நுரைக்காது."

ஒவ்வொன்றுக்கும் கண்ணுச்சாமி தலையாட்டினார். வீரணனின் முகம் தொங்கிப்போயிற்று.

லில்லி மெல்லக் கேட்டாள்: "எனக்கு மெட்டு ஏறினாலே கொடலப் பொரட்டும். கப்பல் ஆட்டத்துக்கு என்ன செய்ய?"

காசிராஜன் சிரித்தான். "வெரசா ஏறி முன்னாடி, மூக்கு நுனியில பாயப் போட்டிரு தங்கச்சி. பின்னாடி போனாத்தான் குமட்டும். நான் அப்பிடித்தான் வந்தேன். ஆட்டமே தெரியல."

"கால்ல என்ன சுண்ணாம்பு?"

"ரயில்ல மூட்டைப்பூச்சி."

"வீரணா, கதவச் சாத்து" என்றார் கண்ணுச்சாமி. குரல் உயரவில்லை.

"இந்த யோசனை எங்க உள்ளது தெரியுதா மாப்ளே? உன் ஜீப்புல உள்ளது. கப்பல்ல அலை முட்டுறப்ப மூக்குதான் தென்னமர உசரம் ஏறி இறங்கும். வாலும் அப்பிடித்தான். நடுவுலதான் ஆட்டம் கொறைவு. ரங்கூன் போறப்ப மூக்குல படுத்து, மொதநாளே செத்துப் பொழைச்சவன் நான். மத்ததெல்லாம் தம்பி யார்கிட்டயோ கேட்டதுல சரியாச் சொல்லிட்டாரு. இத யாரும் சொல்லல. அதனால மலைரோட்டுப் பழக்கத்த எடுத்துக் கடல்ல விட்டுட்டாரு."

"அப்ப அந்தக் கால்?" வீரணனுக்கு உயிர் வந்துவிட்டது.

"கடிவாய் மூணு மூலையாத் தெரியுது. அட்டைக்கடி. நாகப்பட்டினத்து ரயில்ல அட்டை ஏறுமா? தம்பி வந்தது மலையிலிருந்து. ஆனா மருமகனப் பத்திச் சொன்னதுல பொய்யில்ல. அப்ப, கப்பல்ல வந்த நெசமான ஆள் மலை மேலதான் இருக்கணும்." காசிராஜன் பக்கம் திரும்பினார். "அவரு உயிரோட இருக்காரா?"

காசிராஜனின் தலை கவிழ்ந்தது. "இருக்காருய்யா. மாசானம்னு பேரு. பெத்த ஆத்தாளப் பார்த்துட்டு எறங்கலாம்னு எங்க ஏலத்தோட்டத்துக்கு வந்தவரு, காய்ச்சல்ல படுத்துட்டாரு. நான் அங்க சோலி பார்க்கேன். சொகமாகுற வரைக்கும் பொறுக்கச் சொல்லிட்டு வாப்பான்னு என்னைத்தான் அனுப்பினாரு. பக்கத்துல இருந்தப்பச் சொன்ன கதைதான் எல்லாம். குரங்கணிப் பாதையில நடந்தே எறங்கினேன். வழியில புத்தி கெட்டுப்போச்சு. பெட்டிய எடுத்துக்கிட்டு மதுரையில எறங்கிரலாம்னு..."

"எம்மக?" என்றாள் ஜெயபாக்கியம். "முன்னப்பின்ன தெரியாத ஊர்ல, ராத்திரியில, எம்மக?"

காசிராஜன் நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்தான்.

"என் ஜீப்புல வந்திருந்தா அப்பவே பிடிச்சிருப்பேன்" என்றான் வீரணன்.

"பிடிச்சிருக்கமாட்ட. முன்சீட்டுக் குடுத்திருப்ப. போ, டாக்டரக் கூட்டிக்கிட்டு மலைக்குப் போ."

காசிராஜனைப் போலீசில் ஒப்படைத்தார்கள். பொழுது சாய்வதற்குள் ஜீப்பு இறங்கிவிட்டது. கம்பளிக்குள் ஒடுங்கியிருந்த மாசானம் முதலில் கேட்டது இதைத்தான்: "சொல்லிவிட்டது வந்துச்சா ஆத்தா? நான் வரலயேன்னு பயந்துட்டீகளா?"

ஜெயபாக்கியம் கஞ்சிக் கிண்ணத்தோடு நின்று அவர் முகத்தையே பார்த்தாள். லில்லிதான் முந்தினாள்.

"அண்ணே, கப்பல்ல பாய எங்க விரிக்கணும்?"

"நடுவுல தாயி, ஏணிக்குப் பக்கத்துல. வேற எங்க போட்டாலும் கரை சேருற வரைக்கும் என்னைத்தான் வைவ."

ஜெயபாக்கியம் கஞ்சியை அவர் கையில் கொடுத்தாள். "மொதல்ல உடம்பு தேறட்டும் தம்பி. அடுத்த கப்பலுக்கு எம்மகள நீதான் கூட்டிப்போற" என்றாள்.

அவ்வளவுதான் கண்ணுகளா. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் எந்தத் தண்ணீரைத் தாண்டினாலும் கூடப் போகிற துணை நல்ல துணையாய் அமையட்டும். போன இடத்தில் வாசல் திறந்து சிரித்த முகம் ஒன்று நிற்கட்டும். உங்கள் அடுப்பு அணையாமல், பானை குறையாமல், குடும்பம் தழைத்து வாழட்டும்.