நூற்றுக்குள் செம்பாயி

செம்பாயி நூற்றுக்குள் இருந்தால் ஓடக்கரையில் ஆஸ்பத்திரி இருக்கும். நூற்றொன்றுக்குச் சறுக்கினால் ஒரே வாரத்தில் அதைக் கழற்றி லாரியில் ஏற்றிவிடுவார்கள். நாட்டின் மாமனிதர்கள் நூறு பேர், அவரவர் பிறந்த ஊருக்கு ஒரு பெரிய ஆஸ்பத்திரி. சட்டம் அவ்வளவுதான். ஆண்டுக்கொரு முறை வாக்கெடுப்பு.

வாக்கென்றால் சீட்டுப் போடுவதில்லை. வாயால் சொல்வதை அரசாங்கம் நம்பாது, நம்பாமலிருப்பது நியாயந்தான். மணிக்கட்டில் நெஞ்சளவியைக் கட்டுவார்கள். காதில் ஒவ்வொரு பெயராக ஒலிக்கும். பெயரைக் கேட்டு ரத்தம் எவ்வளவு துள்ளுகிறதோ அவ்வளவு புள்ளி.

செம்பாயி பழைய காலரா வருடத்தில் ஊர் ஊராய் நடந்து, கஞ்சியும் உப்புத்தண்ணியும் புகட்டிப் பல உயிரைக் காப்பாற்றிய மருத்துவச்சி. அவள் நினைவகத்துக்கு எழுபத்திரண்டு வயது மூக்கையா காவலர். நாற்பது வருடமாகத் தினமும் காலை ஆறு மணிக்கு ஒலிபெருக்கியில் அவள் கதையை ஒப்பித்தார். ஊரே கைகூப்பி நின்று கேட்க வேண்டும். புள்ளி குறைந்துவிடக் கூடாதென்று பஞ்சாயத்து போட்ட கட்டளை.

வாக்கெடுப்புக்கு நான்கு நாள் முன்னால் மாதிரி அளவை எடுக்க நிலவழகி என்ற அதிகாரி வந்தாள். முந்நூறு பேர் கையை நீட்டினார்கள். ஒருவருக்கும் முள் அசையவில்லை.

"மிஷின் ரிப்பேரா இருக்கும் தாயி," என்றார் மூக்கையா.

"இல்லங்கய்யா. பக்கத்து வீட்டுக்காரன் பேரைச் சொன்னா எகிறிக் குதிக்குது."

"எனக்குக் கட்டு."

கட்டினாள். செம்பாயி என்றது காதில். சுவரைப் பார்ப்பதுபோல் இருந்தது அவருக்கு. வருத்தங்கூட வரவில்லை.

"தினம் கேட்டுக் கேட்டு மரத்துப்போச்சுங்கய்யா. சொந்த ஊரே இப்படின்னா வெளியூர்க்காரனுக்கு என்ன வந்துச்சு? இந்த வருசம் தேறாது."

"மேல இருக்கிறவனெல்லாம் அப்படி என்னத்தைக் கிழிச்சான்?"

நிலவழகி சிரித்துவிட்டாள். "மூணாவது இடத்துக்காரரைப் பாதி நாட்டுக்குக் கண்டாலே ஆகாது. துள்ளுச்சான்னுதான் கருவி பாக்கும். பாசத்துலயா கோவத்துலயான்னு அதுக்குத் தெரியாது."

மூக்கையாவின் மனைவி இருளாயிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரம் மூன்று நாள் அந்த ஆஸ்பத்திரியில்தான் டயாலிசிஸ். அடுத்த ஆஸ்பத்திரி ஆறு மணி நேரத் தூரம். அங்கே இடம் கிடைக்க மூன்று வருடம் காத்திருக்க வேண்டும். அவள் உடம்பு அத்தனை நாள் தாங்காது.

மறுநாள் காலை ஒலிபெருக்கியில் கதை வேறு மாதிரி வந்தது.

"நாப்பது வருசமா ஒண்ண மறைச்சுட்டேன். செம்பாயி எல்லாருக்கும் உப்புத்தண்ணி குடுக்கல. கீழத்தெருக்காரங்க அவ வாசல்ல விழுந்து கும்பிட்டாங்க. கதவைச் சாத்திட்டா. நூத்தி நாப்பது பேரு செத்தாங்க. பழைய ஏடு எங்கிட்ட இருக்கு."

ஏடுமில்லை, மண்ணுமில்லை. எந்தத் தெரு என்றுகூட யோசிக்கவில்லை. வாயில் வந்தது அதுதான்.

கூப்பிய கைகள் இறங்கின. யாரோ பதிவு செய்து அனுப்பி, மத்தியானத்துக்குள் நாடெங்கும் திரைகளில் அவர் குரல். காவலனே சொல்கிறான், ஏடு வேறு இருக்கிறதாம். அதைக் காட்டு என்று ஒருத்தனும் கேட்கவில்லை.

வாக்கெடுப்பில் செம்பாயிக்குப் பதினோராவது இடம். ஆஸ்பத்திரிக்கு இன்னொரு மாடி கட்ட உத்தரவாயிற்று. மூக்கையா கேட்டுத் தலையாட்டினார். சந்தோஷம் என்று ஒன்றும் தட்டுப்படவில்லை.

திங்கட்கிழமை காலை ஆஸ்பத்திரி வண்டி வாசலில் நின்றது. இருளாயி படுத்தபடியே கிடந்தாள். அசதி என்று சொல்லி ஏற்கெனவே இரண்டு தடவை போகவில்லை.

"கிளம்பு. காலெல்லாம் வீங்கிக் கெடக்கு."

"நான் வரல."

"ஏன்டி?"

"நான் எந்தத் தெருவுல பொறந்தவ?"

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கீழத்தெரு. அங்கிருந்து அவளைக் கட்டிக்கொண்டு வந்து நாற்பத்தாறு வருடம். மறந்தே போயிருந்தார்.

"எங்க ஆளுகளைச் சாகவிட்டவ பேரு போட்ட கட்டில்ல நான் படுக்கணுமா?"

"அடியே, அது பொய்டி. நாந்தான் இட்டுக்கட்டினேன். உனக்காக."

அவள் அவரையே பார்த்தாள். "என்னைய வண்டியில ஏத்தறதுக்கு இப்பச் சொல்றீங்களே, இதுதான் பொய்யி."

"சத்தியமாடி. ஏடே கெடையாது."

"நாப்பது வருசம் அவ புகழைப் பாடுனீங்க. ஒரு நாளாவது நெஞ்சுல ஒட்டுச்சா? அன்னிக்குச் சொன்னது ஒண்ணுதான் நெசமாட்டம் இருந்துச்சு. எனக்கு அப்படித் துடிச்சுச்சு. கருவியே காட்டுச்சுல்ல?"

ஓட்டுநர் வாசலிலிருந்து குரல் கொடுத்தார். "அம்மா வர்றாங்களா இல்லியா பெரியவரே? அந்த இடத்துக்கு வெளியூர் ஆளு காத்துக்கெடக்கு. இனிமே கவலையில்ல, அடுத்த வருசம் நம்ம செம்பாயி முத அஞ்சுக்குள்ள வந்துருவா. எங்க வீட்டுல அவ பேரை எடுத்தாலே பத்திக்கிட்டு எரியுது!"

வண்டி போய்விட்டது.

இருளாயி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் அவள் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு விரலால் அழுத்திப் பார்த்தார். விழுந்த குழி மேலெழும்பவில்லை.