முள் காட்டிய கணக்கு

காலை ஆறரைக்கு இளைய மருமகளின் மகள், மூச்சின் வேகத்தை முள்ளால் காட்டும் அந்தப் பிளாஸ்டிக் குழாயை வாயில் வைத்து ஊதியதும், துணி மடித்துக்கொண்டிருந்த மூத்த மருமகள் உதட்டைச் சுழித்தாள். பதினைந்து நாளாக அவளுக்கு இது இலவச வேடிக்கை.

இளையவளின் மகளுக்குப் பன்னிரண்டு வயது. ஆறு மாதமாக விடிந்தால் இருமல், பெருக்கினால் மூச்சிரைப்பு. வேலைக்குக் கள்ளம் என்று மூத்தவள் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். அந்த வீட்டில் அவள் வாய்தான் வைத்தியம். இளையவளின் கணவன் அண்ணிக்கு எதிராகப் பேசமாட்டான். சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கினால்தானே பேச.

இளையவள் தான் வேலை பார்க்கும் சலவைக்கூடத்தில் மேற்பார்வையாளனிடம் பல்லிளித்து அரை நாள் விடுப்பு வாங்கி, மகளை டாக்டரிடம் கூட்டிப்போனாள். ஆஸ்துமாவாக இருக்கலாம், தினம் இருவேளை இந்தக் குழாயில் ஊதி, முள் நிற்கும் எண்ணை எழுதி வாருங்கள், பார்த்துச் சொல்கிறேன் என்றார் அவர். இன்று நோட்டைக் காட்டவேண்டிய நாள்.

போகக்கூடாது என்று வாசலை மறித்தாள் மூத்தவள். அவள் மகன் ஓட்டப்பந்தயத் தேர்வுக்குப் போகிறான். குடும்பத்தில் இழுப்பு நோய் என்று தெரிந்தால் அவனைக் கழித்துவிடுவார்களாம்.

"உன் பொண்ணு நடிப்புக்கு என் சிங்கத்தோட வாழ்க்கையக் கெடுப்பியா? டேய், இங்க வா. ஊதுறதுன்னா என்னன்னு இவளுக்குக் காட்டு."

மைதானத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்த சிங்கம் பின்வாங்கினான். அம்மா குழாயைக் கையில் திணித்தாள். ஊதினான். இருநூற்றுப் பத்து. மகள் ஊதியது இருநூற்று முப்பது. அவனுக்கோ பதினாறு வயது, வாசல் நிலையை முட்டும் உயரம்; முள் அவளைவிட எவ்வளவோ ஏறியிருக்கவேண்டும்.

"விளையாடாம ஊதுடா."

நூற்றுத் தொண்ணூறு. மூன்றாம் முறை முள் இன்னும் கீழே நின்றது. அவன் குனிந்து இருமினான். நெஞ்சுக்குள் விசிலடித்தது. அந்தச் சத்தம் இளையவளுக்கு மனப்பாடம்.

"எத்தனை நாளாப்பா?" என்றாள் அவன் முதுகைத் தடவி.

"ஒரு வருஷமா, சித்தி. ஓடி முடிச்சதும் மதிலுக்குப் பின்னால போய் உக்காந்துக்குவேன்... வீட்டுல சொன்னா என்னையும் நடிக்கிறேன்னு அம்மா சிரிப்பாங்க."

மூத்தவள் மடித்த துணி மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

இளையவள் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனாள். மூத்தவள் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். டாக்டர் நோட்டைப் பார்த்தார். ஊதவைத்து, மருந்தை இழுக்கவைத்து, கால் மணி கழித்து மறுபடி ஊதவைத்தார். இருவருக்கும் முள் மளமளவென்று ஏறியது. இருவருக்கும் ஆஸ்துமாதான். ஒழுங்காக மருந்து எடுத்தால் பையன் தாராளமாக ஓடலாம் என்றார்.

நடைபாதையில் மூத்தவள் இளையவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். "பச்சப்புள்ளய என்னென்ன சொன்னேன்... என்னைச் செருப்பால அடிடி."

"அதுக்கு எனக்கு விடுப்பு இல்லக்கா. என் பொண்ணுகிட்டப் போய்ச் சொல்லுங்க."

சொன்னாள், எல்லார் முன்னாலும். மகள் பெரியம்மாவின் கையை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் ஆறரைக்கு மூத்தவள் பென்சிலும் நோட்டுமாகத் தயாராக உட்கார்ந்திருந்தாள். தன் மகனை முதலில் கூப்பிட்டாள்.

"வரிசையில வரச்சொல்லுங்கக்கா," என்றாள் இளையவள். "இந்த நோட்டுல என் பொண்ணுதான் மூத்தவ."

மூத்தவள் நோட்டில் இளையவளின் மகள் பெயரை முதலில் எழுதினாள்.