கமெரா இல்லாத மத்தியானம்

தடார்!

குளிரறையின் இரும்புக் கதவு அறைந்து சாத்திக்கொண்டது.

நிருஜா அலறினாள்.

"ஐயா... கதவு!"

மரியநாயகம் ஓடிவந்து தோளால் இடித்தார். அசையவில்லை. உள்ளேயிருந்து திறக்கும் கைபிடியைத் தேடினார். அது இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஓட்டைதான் இருந்தது.

யாரோ கழற்றியிருந்தார்கள்!

ஊர்காவற்றுறையில் நண்டு பதப்படுத்தி ஏற்றுமதி செய்யும் கொம்பனி அது. மரியநாயகம் முதலாளி. பிள்ளை குட்டி இல்லாதவர். நிருஜா யாழ்ப்பாண நகரத்திலிருந்து வந்தவள். கொம்பனியின் பழைய கணினிச் சிஸ்டத்தைக் கழற்றிவிட்டுப் புதியதற்கு மாறுவது எப்படி என்று திட்டம் போட்டுக் கொடுத்தவள்.

இன்றைக்குத்தான் அந்த மாற்றம்.

மாறுவதற்கு முன் இருப்பில் உள்ள நண்டுப் பெட்டிகளை ஒருதரம் எண்ண வேண்டும். அதற்காகவே இருவரும் உள்ளே வந்திருந்தார்கள்.

"றொபின்சன்!" மரியநாயகம் கதவில் குத்தினார். "டேய் தம்பி! கதவு சிக்கிப்போச்சு!"

வெளியே ஒரு செருமல்.

"சிக்கேல்லை, சித்தப்பா. நான்தான் பூட்டினனான்."

றொபின்சன்... அவருடைய அண்ணன் மகன். கொம்பனியின் மனேஜர்.

"விசர்க்கதை கதைக்காதை! திற!"

"கொம்பனியை விப்பம், விப்பம் எண்டு எத்தினை தரம் கேட்டனான்? நீங்கள் இருக்குமட்டும் விக்க ஏலாது எண்டியள். சரி... நீங்கள் இல்லாமல் விப்பம்!"

"கமெரா கிடக்கடா! எல்லாம் பதிவாகும்!"

வெளியே சிரிப்பு கேட்டது.

"நிருஜாவைக் கேளுங்கோ, சித்தப்பா. பன்னிரண்டு மணியோட பழைய சிஸ்டம் நிண்டிட்டுது. புதுசு பின்னேரம்தான் தொடங்கும். இடையில கமெரா இல்லை, அலாரம் இல்லை, ஒரு மண்ணும் இல்லை! எல்லாம் அவவின்ர பிளான்தான். நல்ல வடிவா எழுதியிருக்கிறா!"



நிருஜா முதலில் வேறொரு நாளைத்தான் குறித்திருந்தாள். றொபின்சன்தான் மாற்றச் சொன்னான். 'மாதா கோயில் திருவிழா அண்டைக்கு வையும். வேலைக்கு ஒருத்தரும் வரமாட்டினம், உமக்குச் சுகம்.'

அதற்கு அவள் நன்றி வேறு சொன்னாள்!

"றொபின்சன்... நான் உங்களுக்கு என்ன செய்தனான்?"

"ஒண்டும் செய்யேல்லை. சித்தப்பா தனியப் போவாரெண்டு நினைச்சனான், நீரும் பின்னால போயிட்டீர். குறை நினைக்காதையும். சிஸ்டம் மாத்தேக்க கதவு தானாப் பூட்டுப்பட்டிட்டுது எண்டுதான் சொல்லப்போறன். பழி உம்மட பிளானுக்குத்தான்!"

காலடிகள் தேய்ந்தன. மோட்டார் சைக்கிள் ஒன்று உறுமிக்கொண்டு போயிற்று.

தூரத்தில் கோயில் ஒலிபெருக்கி பாடியது. ஊர் முழுக்க அங்கேதான் நின்றது. இங்கே தொண்டை கிழியக் கத்தினாலும் யாருக்குக் கேட்கும்?

"போன்... பிள்ளை, உம்மட போன்?"

"வெளியில, மேசையில. குளிருக்குப் பழுதாப்போகும் எண்டு றொபின்சன்தான் ரெண்டு பேரின்ரையும் வாங்கி வச்சவர்."

"எல்லாம் யோசிச்சுத்தான் செய்திருக்கிறான்..."

மூச்சு வெண்புகையாய்ப் போனது. விரல்கள் விறைத்தன. சுவரில் சிவப்பாய் ஒரு பொத்தான் தெரிந்தது. ஆபத்துக்கு அமத்துவது. மரியநாயகம் அதை நோக்கிப் போனார்.

"அமத்தி வேலையில்லை, ஐயா." நிருஜாவின் பற்கள் அடித்துக்கொண்டன. "இஞ்ச மணி அடிக்காது. யாழ்ப்பாணத்தில எங்கட ஒப்பீசில கஜானியின்ர கொம்பியூட்டருக்குத்தான் போகும். அதுவும் பழைய சிஸ்டத்தாலதான் போகும்."

"கஜானி ஆர்?"

"என்னோட வேலை செய்யிறவ. பன்னிரண்டுக்குப் பழசை நிப்பாட்டச் சொல்லி அவவிட்டைத்தான் சொன்னனான்."

"மறந்து கிறந்து விட்டிருப்பாவோ?"

"நான் சொன்னதை அவ ஒருநாளும் மீறினதில்லை, ஐயா!"

அப்படியும் அவர் அமத்தினார். திரும்பத் திரும்ப அமத்தினார்.

ஒரு சத்தமும் இல்லை.

பெட்டி மட்டைகளைக் கிழித்து நிலத்தில் விரித்து அவளை இருத்தினார். திருவிழாவுக்கென்று போட்டிருந்த புதுச் சேட்டைக் கழற்றி அவள் தோளில் போர்த்தினார்.

"ஐயோ, உங்களுக்கு...?"

"நான் மாரிக் கடலில கிடந்தனான், பிள்ளை. நீர் போர்த்தும்." அவர் கதவைத் திரும்பிப் பார்த்தார். "அவன்ர தேப்பன் செத்த நாளிலயிருந்து நான்தான் அவனை வளத்தனான். நான் என்ன பிழை விட்டனான், சொல்லும்?"



"என்ர பிளான், ஐயா... ஒவ்வொரு வரியையும் பாத்துப் பாத்து எழுதினனான். அதுக்குள்ளேயே எங்களை அடைச்சுப்போட்டான்!"

"நித்திரை கொள்ளாதையும்! கதையும்! உமக்குப் பிள்ளையள் இருக்கோ?"

"ஒரு மகள்... பள்ளிக்கூடத்தால வந்து... என்னைத் தேடுவாள்..."

அவள் கண்கள் மூடின.

"நிருஜா! கண்ணைத் திறவும்! நிருஜா!"

*

றொபின்சன் மாதா சொரூபம் வைத்த கூட்டை ஒரு பக்கம் தோளில் தாங்கி நடந்தான். ஊரே பார்க்கும்படி நடந்தான். சாமியாரிடம் ஆசீர்வாதமும் வாங்கினான்.

பிறகு ஆறுதலாகக் கொம்பனிக்குத் திரும்பினான். குளிரறைக் கதவடியில் நின்று போனை எடுத்தான்.

"ஹலோ... அம்புலன்சோ? கெதியா வாங்கோ! நண்டுக் கொம்பனி! என்ர சித்தப்பா செத்துப்போனார்! கூட ஒரு பொம்பிளையும்... கூல் றூம் கதவு தானாப் பூட்டுப்பட்டிட்டுது! ஐயோ சித்தப்பா...!"

நன்றாகவே அழுதான்.

போனைச் சட்டைப் பைக்குள் போட்டான். கண்ணைத் துடைத்தான். கதவைத் திறந்தான்.

வெண்புகை விலகியது.

பெட்டிகள்... பெட்டிகள்... கிழிந்த மட்டைகள்...

ஆட்கள் இல்லை!

"அதுக்குள்ள தேடாதை, தம்பி. இஞ்சால இருக்கிறம்."

திடுக்கிட்டுத் திரும்பினான்.

எதிரே, சாத்தியிருந்த மனேஜர் அறை இப்போது திறந்திருந்தது. அவனுடைய கதிரையில் மரியநாயகம்! கம்பளி போர்த்தபடி பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில், உதடு இன்னும் நீலம் மாறாத நிருஜா. அந்த அறை வாசலின் இரு பக்கமும் இரண்டு பொலிஸ்காரர்!

"திறந்து பாக்க முன்னமே நான் செத்தது உனக்கு எப்பிடியடா தெரியும்?"

றொபின்சனின் முகம் வெளுத்தது.

"பொய்... அலாரம் அடிச்சிருக்க ஏலாது... பன்னிரண்டுக்கு நிண்டது தானே..."

"நிப்பாட்டச் சொல்லித்தான் நான் எழுதினனான்." நிருஜா மெல்லச் சொன்னாள். "கஜானி நிப்பாட்டேல்லை! கடைசி நேரம் புதுச் சிஸ்டத்தைச் சோதிச்சுப் பாத்தவ. தொட்டதெல்லாம் பிழையாம். என்னட்டைக் கேக்கப் போன் எடுத்தவ, நான் எடுக்கேல்லை. அதால பழசை அப்பிடியே ஓட விட்டிட்டா. ஐயா அமத்தின ஒவ்வொரு அமத்தலும் அவவுக்குப் போயிருக்கு. உடன பொலிசுக்கு அடிச்சவ! அவையள்தான் வந்து திறந்தவை."

"கமெரா...?" றொபின்சன் அண்ணாந்து பார்த்தான்.

"நீங்கள் கதவைப் பூட்டி, அதோட நிண்டு கதைச்சது முழுக்கக் கிடக்கு!"

பொலிஸ்காரர் விலங்கை எடுத்தார். றொபின்சன் தலையைக் குனிந்துகொண்டு கையை நீட்டினான்.

மரியநாயகத்தின் கண் கலங்கியிருந்தது. பிறகு மிச்சத் தேநீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கோப்பையை வைத்தார்.

"புதுசு ஒழுங்கா ஓடுதோ எண்டு பாக்காமல் பழசை நிப்பாட்டக்கூடாதெண்டு கஜானிப் பிள்ளை சொல்லுது, தம்பி... சிஸ்டத்துக்கும் அதுதான், சித்தப்பாவுக்கும் அதுதான்!"