சிறுத்துப்போன கையெழுத்து

பிற்பகல் 2.10. அஞ்சல் வாக்கு உறைகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்த அதிகாரியின் கை ஓர் உறையில் நின்றது. உறைமேல் இருந்த கையெழுத்து, பதிவேட்டில் இருந்ததோடு ஒட்டவே இல்லை. வாக்காளர் முடிதிருத்துபவர். விலாசம் எழுதியிருந்ததோ வேறு கை.

“மகனோ யாரோ போட்ட கள்ளக் கையெழுத்து,” என்றார் மேலாளர். “அஞ்சு மணிக்குள்ள தெளியலேன்னா ஓட்டைத் தள்ளிட்டு, போலீசுக்கு எழுதிடுங்கம்மா.”

அவள் எழுதவில்லை. உறையைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

3.25. கடை பூட்டியிருந்தது. வீடு மாடியில். கதவைத் திறந்த பெரியவர் முகத்தில் ஒரு வாரத்துத் தாடி. மகன் தேநீர் கொண்டுவந்தான்.

“எனக்குப் பாதி டம்ளர் போதும்டா,” என்றார் பெரியவர்.

“கடை ஏன் பூட்டியிருக்கு?” என்று கேட்டாள் அவள்.

“நாற்காலி ரிப்பேர்.”

“விலாசம் எழுதுனது?”

“நான்தான் மேடம்,” என்றான் மகன். “கையெழுத்து அப்பாதான் போட்டாரு.”

“பார்த்தீங்களா?”

“இல்ல... கதவைச் சாத்திட்டுப் போட்டாரு.”

“என் கையெழுத்துதாம்மா. அவன்மேல பழி போடாதீங்க.” பெரியவரின் வலக்கை செய்தித்தாளுக்கு அடியில் இருந்தது.

அவள் உறையை மறுபடி பார்த்தாள். முதல் எழுத்து பெரிது. கடைசி எழுத்து எறும்பளவு.

“தம்பிமேல தப்பில்ல. பார்த்து வரையிறவன் அளவு மாறாம வரைவான். இது போகப்போகச் சிறுத்திருக்கு, கோடெல்லாம் நெளிஞ்சிருக்கு. ஐயா, ஊருக்கே சவரம் பண்றவர் முகத்துல தாடி. டம்ளர் நிறைஞ்சா சிந்திடும்னு பாதி கேட்டீங்க. குற்றவாளி உங்க கைநடுக்கம்தான்.”

பெரியவர் மெல்லக் கையை வெளியே எடுத்தார். மடியில் வைத்தும் அது ஓயவில்லை.

“எத்தனை நாளாப்பா?” என்றான் மகன்.

“ஆறு மாசம். போன வாரம் ஒருத்தர் காதுல கத்தி பட்டுடுச்சு. ரத்தத்தைத் துடைச்சுக்கிட்டு, ஒண்ணும் சொல்லாமப் போயிட்டாரு.”

“எங்கிட்ட சொல்லக்கூடாதா?”

“சொன்னா கத்தியைப் பிடுங்கி வெச்சுடுவே.”



4.10. அவள் உறுதிமொழிப் படிவத்தை நீட்டினாள். “கைநாட்டும் வெக்கலாம் ஐயா.”

“வேணாம்மா. எனக்கு எழுதத் தெரியும்.”

பேனா தாளைத் தொடவே நேரம் பிடித்தது. மகன் பதறி அவர் முழங்கையைத் தாங்க வந்தான்.

“தொடக்கூடாது தம்பி. தொட்டா ஓட்டு செல்லாது.”

அவன் கையை இழுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றான். ஐந்து எழுத்துக்கு நான்கு நிமிடம் ஆயிற்று.

4.50. அலுவலகத்தில் வாக்கு ஏற்கப்பட்டது. பதிவேட்டிலிருந்த பழைய கையெழுத்தின்மேல் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் புதியதை ஒட்டினாள். அடுத்த தேர்தலுக்குள் இதுவும் பொருந்தாமல் போய்விடும் என்பது அவளுக்குத் தெரியும்.