அச்ச மூலம்

தாரணியின் வளையலில் சிவப்புக் குறி விழுந்துவிட்டது என்று சபீனா சொன்னதும் மோகனப்பிரியா முதலில் போய் வாசல் கதவைத் தாழிட்டாள்.

"சர்வேஷ் இங்கதான் எங்கயோ சுத்தறான். மாடிக் கதவையும் சாத்திட்டு வந்தர்றேன். போலீசுக்குச் சொல்லிட்டயா?"

சபீனா கையில் ஓர் உறையோடு கூடத்தில் நின்றாள். மோகனப்பிரியா ஈரோடு மாவட்டத்தின் தாய்க்காப்பு ஆணையர். சபீனா துணை ஆணையர். ஒன்பது வருடமாகச் சேர்ந்து வேலை பார்க்கிறவர்கள். ஆனாலும் அன்று காலை சபீனா உட்காரவில்லை.

கருவுற்ற நாள் முதல் பிள்ளைக்கு இரண்டு வயது நிறையும்வரை ஒவ்வொரு தாயின் மணிக்கட்டிலும் அச்சமானி இருக்கும். பார்வைக்கு மெல்லிய வளையல்தான். ரத்தத்தில் பயம் ஏறினால் அளந்துகொள்ளும். அந்த நேரம் பக்கத்தில் இருப்பது யார் என்று மூச்சுச் சூட்டையும் காலடியையும் வைத்துக் கண்டுபிடிக்கும். இருபத்தொரு நாள் விடாமல் ஒரே ஆளால் பயம் ஏறினால் அந்த ஆளை அச்ச மூலம் என்று குறித்துவிடும். அதற்குப் பிறகுதான் அந்த ஆள் நெருங்கும்போதெல்லாம் வளையல் சிவப்பாக எரியும். அடுத்தது விலகல் ஆணை. மூலம் வெளியேற வேண்டும். தாயும் பிள்ளையும் அங்கேயே இருப்பார்கள், வீடு யார் பேரில் இருந்தாலும் சரி. இந்தக் கடைசி வரியைச் சட்டத்தில் சேர்ப்பதற்காகச் சென்னைக்கு ஏழு முறை அலைந்தவள் மோகனப்பிரியா.

அவளுடைய தங்கை தாரணி தப்பித்ததும் அதனால்தான். வயிற்றுப்பிள்ளையோடு மாதக்கணக்கில் அடிவாங்கியவள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. அச்சமானிதான் அவள் புருஷன் சர்வேஷைக் காட்டிக்கொடுத்தது. அவனை வெளியேற்றிய கையோடு, அந்த வீட்டில் தங்கையைத் தனியாக விட மனமில்லாமல் தன் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டாள். இப்போது குழந்தைக்கு ஏழு மாதம்.

"சர்வேஷ் இந்தப் பக்கமே வரலைங்க மேடம்."

"அப்பறம் யாரு? இந்த வீட்டுல நானும் அவளும் பிள்ளையுந்தானே இருக்கறோம்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே கேட்டது.

சபீனா உறையை நீட்டினாள். ஆணையரின் உறவினர் பதிவுகளை ஆணையர் பார்க்கக் கூடாது, துணை ஆணையருக்குத்தான் போகும். அதனால் மோகனப்பிரியா இதுவரை எதையும் கண்டதில்லை. தாளில் அச்ச மூலம் என்ற இடத்தில் அவள் பெயர் இருந்தது. அதன் கீழே நாள்வாரியாக நேரங்கள். தினமும் மாலை ஆறே கால், ஆறு இருபது. அவள் அலுவலகத்திலிருந்து வந்து பூட்டில் சாவியைத் திருப்புகிற நேரம்.  தாளைத் திருப்பிப் பார்த்தாள்.

"கருவிப் பிழைன்னு போட்டுடலாங்க மேடம்" என்று சபீனா குரலைத் தாழ்த்தினாள். "என்னோட ஒரு கையெழுத்துதான். வெளிய தெரியாது."

பிழையாகத்தானே இருக்க வேண்டும்? தங்கைக்குப் பால் ஊறட்டும் என்று பூண்டுக் குழம்பு வைத்துக் கொடுத்தவள் அவள். பழைய ஆட்கள் கூப்பிட்டுத் தொல்லை பண்ணக் கூடாதென்று போனை வாங்கி வைத்தவள். கோபிசெட்டிபாளையத்தில் தங்கைக்கு வந்த வேலையை வேண்டாமென்று தானே பதில் எழுதியவள். குழந்தைக்கு ஆதிரை என்று பெயர் வைத்ததும் அவள்தான்.

உள்ளறைக் கதவு திறந்தது. தாரணி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள்.

"தாரணி, உன்ன நான் ஒரு நாளாச்சும் கைநீட்டி அடிச்சிருக்கறனா?"

"இல்லைங்கக்கா."

"பின்ன?"

"பால் குடுக்கறப்ப பக்கத்துல வந்து நின்னு பாப்பீங்க. உன்னால இதை வளர்த்த முடியாது, எழுதிக் குடு, நான் எடுத்துக்கறேன்னு சொல்லுவீங்க."

"வெளையாட்டுக்குச் சொன்னதுடி அது."

"பிள்ளைய யார்கிட்ட விடறதுன்னு கையெழுத்துப் போடற ஆளே நீங்கதான். எனக்கு எப்படிங்கக்கா அது வெளையாட்டுன்னு தெரியும்?"

"உன் நல்லதுக்குத்தான்..." என்று ஆரம்பித்த மோகனப்பிரியா பாதியில் நிறுத்தினாள். வெளியேற்றப்போன வீடுகளிலெல்லாம் அவள் கேட்டுச் சலித்த வார்த்தை அது.  "ஆபீசுல யார்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே, கண்ணு."

தாரணி அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

"சொல்ற எடமே நீங்கதானேங்கக்கா."

அவள் மணிக்கட்டில் அச்சமானி சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. மோகனப்பிரியா பின்னால் ஓரடி வைத்தாள். இன்னும் இரண்டு அடி. சிவப்பு மெல்ல மஞ்சளானது. தன் கண் முன்னால் நடந்ததை அவளால் நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. சபீனாவிடம் பேனா வாங்கி ஆணையைப் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டாள். தங்கையின் போனை அலமாரியிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள். இரண்டு புடவையும் மருந்தும் ஒரு பைக்குள் போயின. குழந்தையைத் தொடக் கேட்கவில்லை.

சபீனா ஓட்டிய கார் பெருந்துறை சாலைக்கு வந்தது. "எங்கங்க மேடம் எறக்கி விடறது?" என்று சபீனா கேட்டாள்.

மோகனப்பிரியாவுக்கு ஓர் இடமும் தோன்றவில்லை. அம்மா அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கல்யாணம் என்று ஒன்று அவள் செய்துகொள்ளவில்லை. மாவட்டத்தில் அவள் திறந்த காப்பகங்கள் ஆறு இருந்தன. அவற்றில் தாய்க்கும் பிள்ளைக்கும் மட்டுமே அனுமதி.

"வெளியேத்தறவங்கள நாம வழக்கமா எங்க கொண்டுபோய் விடறோம், சபீனா?"

"பஸ் ஸ்டாண்டுலைங்க."

"அங்கிருந்து எங்க போவாங்க?"

சபீனா சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், "படிவத்துல அப்படி ஒரு கட்டமே இல்லைங்க மேடம்" என்றாள். "நீங்க கேட்டதுமில்லை."